வீடு வீடாக வரும் நர்சம்மா எதைத் தேடுகிறார்?

முக்கூடல் பக்கம் ஏதாவது ஒரு தெருவில் காலை பத்து மணிக்கு நடந்து பாருங்கள். வாசல் நடையிலும் திண்ணையிலும் பெண்கள் மடியில் சொளகை (முறத்தை) வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள். குனிந்த கழுத்து, மடக்கிய கால், விரல் நுனியெல்லாம் புகையிலைத் தூள். பக்கத்திலேயே சேலைத் தொட்டிலில் பிள்ளை தூங்கும். அந்தப் பெண்களில் ஒருவர் நாளைக்குத் தலைசுற்றி விழுந்து, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வார்டில் இருக்கும் நர்ஸ் பார்ப்பது ஒரு கட்டில், ஒரு கேஸ் ஷீட், 'ரத்தம் குறைவு' என்று எழுதிய ஒரு வரி. சொளகும் தொட்டிலும் தூளும் வார்டுக்குள் வருவதில்லை. அவை இருக்கிற இடத்துக்கே போய்ப் பார்க்கிறவர்தான் சமுதாய சுகாதாரச் செவிலியர்.

நர்சம்மா என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது புதன்கிழமைத் தடுப்பூசியும் கர்ப்பிணிகளின் அட்டையும்தான். அது அவர் வேலையில் வெளியே தெரிகிற பாதி. இன்னொரு பாதி, அந்த ஊருக்கு உண்மையில் என்ன தேவை என்று கண்டுபிடிப்பது. நர்சிங் பாடத்தில் இதைச் 'சமூக சுகாதாரத் தேவை மதிப்பீடு' என்று படிப்போம். பெயரைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஒரு டாக்டர் கண்ணை இறக்கிப் பார்த்து, நாடி பிடித்து, எத்தனை நாளாக இப்படி என்று கேட்டு, அப்புறம்தானே மருந்து எழுதுகிறார்? அதையே ஓர் ஊருக்குச் செய்வதுதான் இது. நோயாளி ஒரு ஆள் என்பதற்குப் பதிலாக ஐயாயிரம் பேர்.

ஐயாயிரம் என்று ஒரு பேச்சுக்காகச் சொல்லவில்லை. அரசின் அளவுகோல்படி சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையிலும் பழங்குடியினர் பகுதியிலும் 3,000 பேருக்கு ஒன்று. அங்கே இருப்பவர் கிராம சுகாதாரச் செவிலியர். சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், மலையில் 20,000 பேருக்கு. கிராமச் செவிலியர்களின் வேலையைப் பார்த்து வழிநடத்தப் பகுதி சுகாதாரச் செவிலியர், அவருக்கும் மேலே சமுதாய நலச் செவிலியர். தண்ணீர், கொசு, காய்ச்சல் எல்லாம் சுகாதார ஆய்வாளர் பக்கம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் பெண் தன்னார்வலர்களும் இப்போது உண்டு.

நம் பக்கத்தில் இந்த எண்ணம் புதியதில்லை. 1939லேயே சென்னை மாகாணத்துக்குப் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்துவிட்டது. இந்தியாவில் அந்த வகையில் அதுதான் முதல். 1946ல் சர் ஜோசப் போர் (Bhore) என்பவர் தலைமையிலான அரசுக் குழுவின் அறிக்கை, நோய் வந்தபின் பார்ப்பதையும் வருமுன் காப்பதையும் பிரிக்கக் கூடாது என்று சொன்னது. 1978ல் அல்மா ஆட்டாவில் நடந்த சர்வதேச ஆரம்ப சுகாதார மாநாட்டின் பிரகடனம், தங்கள் சுகாதாரத்தைத் திட்டமிடுவதில் பங்கெடுப்பது மக்களின் உரிமையும் கடமையும் ஆகும் என்றது. என்னைக் கேட்டால், இந்தத் துறையின் மொத்த நியாயமும் அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. ஊரைக் கேட்காமல் ஊருக்கு வைத்தியம் பார்க்க முடியாது.

தேவை என்றால் யாருடைய தேவை?

பிரிட்டனைச் சேர்ந்த ஜோனதன் பிராட்ஷா என்ற சமூகக் கொள்கை ஆய்வாளர் 1972ல் 'தேவை' என்ற சொல்லை நான்காகப் பிரித்துக் காட்டினார். நர்சிங் மாணவிகள் பரீட்சைக்காக மனப்பாடம் செய்து மறந்துவிடுகிற பகுதி இது. ஆனால் ஒரு தெருவுக்குள் இறங்கி நடக்கும்போது இதைவிட உதவுகிற கருவி வேறு கிடையாது.

முதலாவது, மக்கள் தாங்களே உணர்கிற தேவை. கேட்டால் சொல்வார்கள்: முட்டுவலி, இடுப்புவலி, ராத்திரியில் அவசரம் என்றால் வண்டி இல்லை, தெருமுனையில் குடிகாரர் தொல்லை. இரண்டாவது, உணர்ந்ததை வெளியே வந்து கேட்பது. சுகாதார நிலையத்தில் சீட்டு வாங்கி நிற்பது, மனு எழுதுவது, கிராம சபையில் எழுந்து பேசுவது எல்லாம் இந்த வகை. உணர்வதெல்லாம் கேட்பதாக மாறுவதில்லை. வெள்ளைப்படுதல் இருக்கிற பெண் வருஷக்கணக்காக அதை உணர்ந்துகொண்டே இருப்பார். வாய் திறந்து கேட்க மாட்டார். ஆகவே, "எங்கள் சுகாதார நிலையத்துக்கு அந்தத் தொந்தரவோடு யாரும் வருவதில்லை" என்று ஒருவர் சொன்னால், அந்தத் தொந்தரவு ஊரில் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது.

மூன்றாவது, படித்தவர்கள் அளவுகோல் வைத்துச் சொல்கிற தேவை. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை, 7க்குக் கீழே போனால் ஆபத்து. பிரஷர் 140க்கு 90ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். பிரஷர் வலிக்காது, அரிக்காது. அதனால் யாரும் அதைத் தாமாக உணர்வதில்லை. கருவியைக் கட்டிப் பார்த்தால்தான் தெரியும். நான்காவது, ஒப்பிட்டால் தெரிகிற தேவை. ஒரே பஞ்சாயத்தில் மேலத்தெருவில் வீட்டுக்குள் குழாய், ஊர்க்கோடிக் காலனியில் நாற்பது வீட்டுக்கு ஒரு குழாய் என்றால், காலனிக்காரர்கள் பழகிப்போய் ஒன்றும் சொல்லாவிட்டாலும் அங்கே தேவை இருக்கிறது.

இந்த நான்கும் ஒத்துப்போனால் பிரச்சினையே இல்லை. ஒத்துப்போகாதபோது என்ன செய்வது என்பதில்தான் நர்ஸின் திறமை தெரியும். இதை நான் கற்றுக்கொண்டது மாணவியாக இருந்த நாளில், அந்தப் பீடித் தெருக்களில்.

எங்களை ஒரு கிராமத்துக்கு அனுப்பியிருந்தார்கள். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் ரத்தம் குறைவு என்று பதிவேட்டில் வரிசையாக இருந்தது. சத்து மாத்திரை ஒழுங்காக வழங்கப்பட்டதும் எழுதியிருந்தது. ஆனாலும் அடுத்த தடவை பார்த்தால் ரத்தம் ஏறவில்லை. சரி, விளக்கம் போதவில்லை என்று நினைத்து, முருங்கைக்கீரை, பேரீச்சை, கேழ்வரகு எல்லாம் வரைந்த அட்டையைத் தூக்கிக்கொண்டு ஒரு வாரம் தெருத்தெருவாகப் போனோம். சொளகை விட்டுத் தலை நிமிர்ந்து பார்த்தவர்கள் குறைவு. ஒரு மைனி மட்டும், "கழுத்து விண்விண்ணுன்னு தெறிக்கு. அதுக்கு என்னமும் இருக்கா?" என்று கேட்டார். எங்கள் அட்டையில் கழுத்து இல்லை.

எங்களோடு வந்த மூத்த செவிலியர் அன்று சாயங்காலம் சொன்னது இதுதான்: "நாளைக்கு ரத்தத்தைப் பத்திப் பேசாதீங்க. கழுத்தைப் பத்திப் பேசுங்க." மறுநாள் அட்டையை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தோம். சுவரில் முதுகு சாய்கிற மாதிரி இடத்தை மாற்றுவது, கட்டு போடுகிறபோதெல்லாம் எழுந்து நாலு எட்டு நடப்பது, சொளகுக்கு அடியில் தலையணை வைத்து உயர்த்துவது, கழுத்துக்கும் தோளுக்கும் சின்னச் சின்ன அசைவுகள். செலவில்லாத காரியங்கள். இரண்டு மூன்று நாளில் அவர்களே கூப்பிட ஆரம்பித்தார்கள். அப்புறம்தான் மாத்திரையின் கதை வெளியே வந்தது.

காலையில் ஒரு சாயா, அவ்வளவுதான். சுற்றிய பீடியைக் கடையில் ஒப்படைத்துவிட்டு வந்து உச்சி சாய்ந்த பிறகுதான் சோறு. காலி வயிற்றில் இரும்புச் சத்து மாத்திரை போட்டால் வயிறு எரியும், குமட்டும். சாயாவோடு சேர்த்துப் போட்டால் தேயிலையில் இருக்கும் பொருள் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் ஒட்டாது. வெளிக்குக் கறுப்பாகப் போகும். அது மாத்திரையின் இயல்பு, கெடுதல் ஒன்றும் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அதைப் பார்த்துப் பயந்து நிறுத்தியவர்கள் உண்டு. போதாததற்கு ஓர் ஆச்சி, "அதத் தின்னா பிள்ளை கறுப்பாப் பொறக்கும்லா" என்று மருமகளிடம் சொல்லியிருந்தார். கர்ப்பிணிகளைப் பார்க்கிற நேரமும் பீடி ஒப்படைக்கிற நேரமும் ஒன்றாக இருந்தது. ஒரு நாள் பீடி கொடுக்காவிட்டால் கூலி போகும். எதை விடுவார்கள்?

பதிவேட்டில் 'மாத்திரை வழங்கப்பட்டது' என்று ஒரு பத்தி இருந்தது. விழுங்கினார்களா, எப்போது, எதோடு என்று கேட்க ஒரு பத்தி இல்லை. இந்த விஷயங்கள் எதுவும் எந்த அறிக்கையிலும் கிடைக்காது. உட்கார்ந்தால்தான் கிடைக்கும்.

நடந்து பார்ப்பது

தொடக்கநிலை மாணவிகளுக்கு நான் முதலில் சொல்வது: கேள்வித்தாளை எடுப்பதற்கு முன்னால் ஊரைச் சுற்றி நடங்கள். ஒரு தடவை போதாது. விடியற்காலையில் ஒன்று, உச்சியில் ஒன்று, விளக்கு வைத்தபின் ஒன்று. விடியற்காலையில் தண்ணீருக்கு யார் எவ்வளவு தூரம் போகிறார்கள், வெளிக்குப் போக எந்தப் பக்கம் ஒதுங்குகிறார்கள் என்று தெரியும். உச்சியில் எந்த வீட்டில் வயசானவர் தனியாக இருக்கிறார் என்று தெரியும். இரவில் தெருவிளக்கு எதுவரை எரிகிறது, குடித்துவிட்டு வருபவர்கள் எந்த வழியாக வருகிறார்கள் என்று தெரியும்.

கண்ணில் படுவதையெல்லாம் குறித்துக்கொள்ள வேண்டும். மேல்நிலைத் தொட்டி எங்கே, கடைசிக் குழாய் எங்கே, சாக்கடை எங்கே தேங்குகிறது, பழைய டயரும் உடைந்த பானையும் யார் வீட்டு மாடியில், பெட்டிக்கடையில் பிள்ளைகள் காசு கொடுத்து வாங்கித் தின்பது என்ன. தண்ணீரில் குளோரின் பார்ப்பதற்கு ஒரு சின்னப் பெட்டி இருக்கும். மருந்துச் சொட்டு விட்டால் குளோரின் இருக்கும் தண்ணீர் மஞ்சளாகும், நிறத்தை ஒப்பிட்டு அளவு சொல்லலாம். லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் மிஞ்சியிருக்க வேண்டும். அதைத் தொட்டிக்குக் கீழே பார்த்துவிட்டு 'சரியாக உள்ளது' என்று எழுதுவது தப்பு. குழாய் முடிகிற வீட்டில் பார்க்க வேண்டும். நம் ஊர்களில் குழாய் முடிகிற இடம் பெரும்பாலும் யார் குடியிருக்கிற இடம் என்று எல்லோருக்கும் தெரியும். ஊரின் சராசரி நன்றாக இருக்கிறது என்று சொல்லும்போது அந்தத் தெருதான் கணக்கிலிருந்து காணாமல் போகிறது.

வரைபடம் போடுவது இன்னொரு நல்ல வழி. நாம் போடக் கூடாது. ஊர்ப் பெண்களிடம் கோலப்பொடியைக் கொடுத்துத் தரையிலேயே போடச் சொல்ல வேண்டும். கோயில், பள்ளிக்கூடம், குளம், ரேஷன் கடை என்று தொடங்குவார்கள். எந்த வீட்டில் மாசமாக இருக்கிறார்கள், எந்த வீட்டில் படுக்கையில் ஆள், எந்த வீட்டுக்குப் போக மாட்டோம் என்று பேச்சு வரும். மேலத்தெருப் பெண்கள் போட்ட வரைபடத்தில் காலனி சில சமயம் இருக்கவே இருக்காது. ஆகவே காலனியிலும் ஒரு தடவை போடச் சொல்ல வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கேள்வி கேட்டு எழுதியதைவிட அதிகம் புரியும்.

பேசும்போது, தலைவர், வாத்தியார், பூசாரி, பாதிரியார், பள்ளிவாசல் பெரியவர்கள் என்று போவது வழக்கம். போக வேண்டியதுதான். ஆனால் அங்கன்வாடி அம்மாவையும், மருந்துக்கடை அண்ணாச்சியையும், ஆட்டோ ஓட்டுபவரையும் விட்டுவிடாதீர்கள். எந்த வாரம் எத்தனை காய்ச்சல் மாத்திரை போனது என்பதை மருந்துக்கடைக்காரர் நமக்கு முன்னாலேயே அறிவார். ராத்திரியில் எந்த வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆள் போகிறது என்பதை ஆட்டோக்காரர் அறிவார்.

பதிவேடு சொல்வதும் சொல்லாததும்

பிறப்பு, இறப்பைப் பதிய 21 நாள் கெடு. அந்தப் பதிவு, குடும்பப் பதிவேடு, கர்ப்பிணிகள் பதிவு, அங்கன்வாடியில் பிள்ளைகளின் எடை, பள்ளி வருகை எல்லாம் தங்கச் சுரங்கம். ஆனால் ஓட்டை எங்கே என்று தெரிந்து வாசிக்க வேண்டும்.

நம் பக்கத்து ஓட்டை ஒன்றைச் சொல்கிறேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். கர்ப்பமானதைப் பதிந்தது நாங்குநேரிப் பக்கம் மாமியார் வீட்டில், பிரசவம் சேரன்மகாதேவிப் பக்கம் அம்மா வீட்டில். பிறந்தவுடன் போடுகிற ஊசி ஆஸ்பத்திரியிலேயே போட்டாகிவிடும். அடுத்தவை 6, 10, 14 வாரங்களில். அம்மா வீட்டில் இருப்பதா, மாமியார் வீட்டுக்குத் திரும்புவதா என்று அல்லாடுகிற காலமும் அதுதான். இந்த நர்ஸ் 'பிள்ளை அங்கே இருக்கிறது' என்பார். அந்த நர்ஸ் 'பிள்ளை இங்கே பதியவில்லை' என்பார். நடுவில் ஊசி தவறும். இப்போது கர்ப்பிணிக்கு ஓர் எண் கொடுத்துக் கணினியில் தொடர்கிறார்கள், நல்ல ஏற்பாடு. இருந்தாலும் "பிள்ளை இப்போ யார் வீட்டில் இருக்கு?" என்ற ஒற்றைக் கேள்வியை எந்தக் கணினியும் நமக்காகக் கேட்காது.

இன்னொன்று சின்ன எண்களின் தொல்லை. சிசு மரண விகிதம் என்பது உயிரோடு பிறந்த 1,000 குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவர்களின் எண்ணிக்கை. மாநிலத்துக்கும் மாவட்டத்துக்கும் இது அருமையான அளவுகோல். ஆனால் உங்கள் துணை சுகாதார நிலையப் பகுதியில் வருஷத்துக்கு 70 குழந்தைகள் பிறக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழந்தை இறந்தால் விகிதம் சுமார் 14. இரண்டு இறந்தால் 28க்கு மேல். அடுத்த வருஷம் ஒன்றும் இறக்காவிட்டால் பூஜ்யம். இதை வைத்து 'இரண்டு மடங்கானது', 'ஒழிந்தது' என்றெல்லாம் பேசுவது அர்த்தமில்லாதது. இந்த அளவில் விகிதத்தை விட்டுவிட்டு, இறந்த ஒவ்வொரு பிள்ளையின் கதையையும் கேட்க வேண்டும். தாய் இறப்பில் மூன்று தாமதங்களைத் தேடச் சொல்வார்கள்: ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்தபின் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். பிள்ளைக்கும் அதையே கேட்கலாம். வீட்டில் முடிவெடுக்கிற ஆம்பிளை வெளியூரில் இருந்தாரா? பஸ் இல்லையா? போன இடத்தில் வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்களா? துக்க வீட்டில் இதைக் கேட்பது லேசான காரியம் இல்லை. கேஸ் எழுதும் அவசரத்தில் போகாமல், காரியம் எல்லாம் முடிந்தபின் போய், பேச விட்டுக் கேட்க வேண்டும்.

கொசுக் கணக்கும் ஒரு புதியவருக்கு நல்ல பயிற்சி. 2012ல் அப்போதைய திருநெல்வேலி மாவட்டத்தில், இன்று தென்காசி மாவட்டத்தில் இருக்கும் கடையநல்லூர் பக்கம், டெங்கு எப்படி ஆட்டிவைத்தது என்பதை இந்தப் பக்கத்தார் மறக்கவில்லை. 50 வீடுகள் பார்த்து 5 வீட்டில் புழு இருந்தால் வீட்டுக் குறியீடு 10. நூறு வீட்டுக்குப் புழு இருந்த பாத்திரங்கள் எத்தனை என்று எண்ணினால் பிரெட்டோ குறியீடு. கணக்கு அவ்வளவுதான். ஆனால் டெங்குக் கொசு சாக்கடையைவிட நல்ல தண்ணீரை விரும்புகிறது. தண்ணீர் தினமும் வராத தெருவில்தான் குடமும் டிரம்மும் நிறைந்திருக்கும். வாரம் ஒரு தடவை தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக் காய்ந்தபடியே பல மாதம் உயிரோடு கிடக்கும், தேய்த்துக் கழுவ வேண்டும். இதைச் சொல்லிவிட்டு வந்துவிடலாம். ஆனால் அந்தத் தெருவில் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று குறித்து, அதைப் பஞ்சாயத்துக்குக் கொண்டுபோனால்தான் நர்ஸின் வேலை முழுமையாகும்.

ஒரே மாவட்டம், பல நாடு

திருநெல்வேலிச் சீமை ஒரே தன்மையான நிலம் இல்லை. பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி 130 கிலோமீட்டருக்குள் கடலைச் சேர்ந்துவிடுகிறது. அந்தக் குறுகிய தூரத்துக்குள் மலை, வயல், செம்மணல் தேரி, கடல் என்று எல்லாம் இருக்கிறது. ஒன்றுக்குப் போட்ட திட்டம் இன்னொன்றுக்குப் பொருந்தாது.

பாபநாசத்துக்கு மேலே காணிக்காரர் என்ற பழங்குடியினரின் குடியிருப்புகள். இஞ்சிக்குழிக்குப் போக வேண்டுமென்றால் காரையாறு அணையைப் படகில் கடந்து, அப்புறம் காட்டுவழி நடக்க வேண்டும். அங்கே இருப்பவர்கள் சில குடும்பங்கள்தான். எண்ணிக்கையை மட்டும் பார்த்து முன்னுரிமை கொடுத்தால் அவர்கள் முறை ஒருபோதும் வராது. வேல்ஸில் பணியாற்றிய மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971ல் எழுதினார்: நல்ல மருத்துவம் எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் அது குறைவாகக் கிடைக்கிறது. காரையாற்றங்கரையில் படகுக்குக் காத்து நிற்கும்போது அந்த வாக்கியம் எனக்கு நினைவு வரும். அங்கே மதிப்பீடு என்பது யாருக்கு எந்த மாசம் பிரசவம், மழைக்கு முன்னால் யாரைக் கீழே கொண்டுவந்து தங்கவைக்க வேண்டும் என்கிற பெயர்ப் பட்டியல்தான்.

ஆற்றங்கரை வயலில் கார், பிசானம் என்று இரண்டு பருவம். நடவு, களையெடுப்புக் காலத்தில் பகலில் கதவைத் தட்டினால் வயசானவர்கள் மட்டும் இருப்பார்கள். அவர்களை மட்டும் எண்ணிவிட்டு வந்தால் ஊரே கிழடு என்று கணக்கு வரும். வெறுங்காலோடு சேற்றில் நிற்பவர்களுக்குக் கொக்கிப்புழு ஒரு பக்கம், எலிக்காய்ச்சல் ஒரு பக்கம். திசையன்விளைப் பக்கம் தேரிக்காட்டில் பதநீர்க் காலம் வந்தால் பனையிலிருந்து விழுந்தவரை முதுகெலும்பு அசையாமல் எப்படித் தூக்குவது என்று ஊரில் நாலு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். உவரி, கூத்தங்குழி, கூட்டப்புளி மாதிரிக் கடற்கரை ஊர்களில் ஆண்களுக்குப் பிரஷர் பார்க்க வேண்டுமானால் கடலுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமைதான் நாள், அதுவும் பூசை முடிந்தபிறகு. வார நாளில் கேம்ப் போட்டுவிட்டு 'ஆண்கள் ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதுவது அந்த ஊருக்குச் செய்கிற அநியாயம்.

தேவை ஒரே ராத்திரியில் மாறுவதும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் ஆற்றங்கரை வீடுகளில் தண்ணீர் புகுந்தபோது, துணிமணியோடு மாத்திரைப் பொட்டலமும் இன்சுலினும் போயின. அந்த மாதிரி நேரத்தில் யாருக்குப் பிரசவ நாள் நெருங்குகிறது, யாருக்கு டயாலிசிஸ், யார் படுத்த படுக்கை என்று ஏற்கெனவே கையில் பட்டியல் இருந்தால் யாரை முதலில் தேட வேண்டும் என்று தெரியும். வெள்ளம் வந்தபிறகு அந்தப் பட்டியலைத் தயாரிக்க முடியாது.

எதை முதலில் எடுப்பது?

இவ்வளவும் சேர்த்தால் ஒரு நோட்டு நிறையத் தேவைகள் இருக்கும். கையிலோ ஒரு நர்ஸ், ஒரு பை, ஒரு வருஷம். மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். எத்தனை பேரைப் பாதிக்கிறது? எவ்வளவு கடுமையாக? நம்மால் ஏதாவது செய்ய முடியுமா? மூன்றாவதைத்தான் புதியவர்கள் மறக்கிறார்கள். பீடிக் கூலி குறைவு என்பது அந்த ஊரின் பெரிய நோய். ஆனால் கிராமச் செவிலியரின் கைக்கு அது எட்டாது. எட்டாது என்பதற்காக எழுதாமல் விடவும் கூடாது. எழுதி, எட்டுகிறவர்களிடம் கொடுக்க வேண்டும். கைக்கு எட்டுவதைத் தனியே எடுத்து வேலையைத் தொடங்க வேண்டும்.

இந்தத் தேர்வை நர்ஸ் தன்னந்தனியாகச் செய்யக் கூடாது. கிராம சுகாதாரக் குழு என்று ஒன்று ஊர்தோறும் இருக்க வேண்டும். வருஷத்தில் ஆறு நாள் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே கோலப்பொடி வரைபடத்தைத் தாளில் பெரிதாகப் போட்டு மாட்டுங்கள். எண்களை வாசித்தால் கலைந்துவிடுவார்கள். கடைசிக் குழாயில் எடுத்த தண்ணீரையும் முதல் குழாயில் எடுத்த தண்ணீரையும் இரண்டு கண்ணாடிக் குழாயில் வைத்து மருந்துச் சொட்டு விட்டுக் காட்டுங்கள். ஒன்று மஞ்சளாகும், ஒன்று ஆகாது. அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

அந்தப் பீடிக் கிராமத்தில் நாங்கள் கடைசியாக எடுத்துக்கொண்டது மூன்றே மூன்று. கர்ப்பிணிகளைப் பார்க்கிற நேரத்தைப் பீடி ஒப்படைத்து முடிந்தபின் சாயங்காலத்துக்கு மாற்றித் தரும்படி கேட்டோம். மூத்த செவிலியர் பேசி வாங்கித் தந்தார். மாத்திரையை மத்தியானச் சோற்றுக்குப் பிறகு, சாயா குடிக்காமல், கிடைத்தால் நெல்லிக்காயோ எலுமிச்சைத் தண்ணீரோடோ போடச் சொன்னோம். கையை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டுப் பிள்ளையைத் தொட வேண்டும், தொட்டிலைத் தூள் பறக்காத உள்ளறைக்கு நகர்த்த வேண்டும் என்றோம். மாமியார்களையும் ஆச்சிகளையும் தனியாக உட்காரவைத்துப் பேசினோம், ஏனென்றால் வீட்டில் மாத்திரை டப்பா இருப்பது அவர்கள் கையில். "கறுப்பாப் பொறக்கும்" என்று சொன்ன ஆச்சியிடம், "உங்க மருமக முகம் வெளுத்திருக்கே, கண்ணை இறக்கிப் பாருங்க ஆச்சி" என்று அவரையே பார்க்கச் சொன்னோம். அவர் பார்த்தார். பக்கத்து வீட்டுப் பெண்ணின் கண்ணையும் இறக்கிப் பார்த்தார். அன்று சாயங்காலம் தெருவில் நாலைந்து பெண்களின் கண்ணை அவரே இறக்கிப் பார்த்துவிட்டார்.

பயிற்சி முடிந்து கிளம்பும்போது எங்கள் நோட்டில் புதிதாக ஒரு பத்திக்குக் கோடு போட்டிருந்தோம்: மாத்திரையை எப்போது, எதோடு விழுங்கினார். அடுத்து வந்த மாணவிகள் அதை நிரப்ப, வீட்டுக்குப் பத்து நிமிஷம் கூடுதலாகத் திண்ணையில் உட்கார வேண்டியிருந்தது.